300 கேசட், 40 ஸ்பூல் டேப்: ஊர் நூலகத்தின் ஒலிப்பதிவுகளை டிஜிட்டலுக்கு மாற்றும் முறை

கேள்வி: எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் சுமார் 300 கேசட்டும் 40 ஸ்பூல் டேப்பும் சில பழைய இசைத்தட்டுகளும் இருக்கின்றன. தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, ஒப்பாரி, கோயில் திருவிழாக் கச்சேரி, பட்டிமன்றம் என்று 1968 முதல் 1996 வரை ஊர்க்காரர்களே பதிவு செய்தவை. ஒரு டேப் ரெக்கார்டரை மடிக்கணினியில் செருகி எம்பி3 ஆக்கிவிட்டால் போதாதா? யூஎஸ்பி கேசட் பிளேயர் வாங்கலாமா?

பதில்: போதாது, யூஎஸ்பி பிளேயரும் வேண்டாம். பழைய நாடா நல்ல இயந்திரத்தில் நன்றாக ஓடக்கூடிய தடவைகள் மிகக் குறைவு. சில நாடாக்களுக்கு ஒரே ஒரு தடவைதான். அந்த ஓட்டத்தில் இயந்திரம் எடுக்கத் தவறியதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் பணத்தை முதலில் ஓட்டும் இயந்திரத்திலும் அதன் பழுதுபார்ப்பிலும் போடுங்கள். அடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் பெட்டி), அதற்கடுத்து ஹார்ட் டிஸ்க். கணினி எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம் 2025ஐ ஒட்டியே கெடு வைத்தது. நாடா அழிவது மட்டும் அதற்குக் காரணமல்ல. ஓட்டும் இயந்திரமும் உதிரிபாகமும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் அதைவிட வேகமாக இல்லாமல் போகிறார்கள். உங்கள் ஊரில் டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்த பெரியவர் யாராவது இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள்.

எதையும் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். அவை இருந்தால் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் பழைய பதிவு அழிந்துவிடும். அடுத்து ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்து, உறை, உள்அட்டை, இரு பக்க லேபிள், உள்ளே மடித்து வைத்த துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். பாடியவர் பெயரும் ஊரும் தேதியும் பெரும்பாலும் அந்தச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். உறையும் கேசட்டும் மாறிப்போயிருப்பது சாதாரணம் என்பதால், உறையில் உள்ளதை "உறையில் எழுதியிருப்பது" என்றே குறியுங்கள். கேட்டு உறுதி செய்த பிறகு தனிக் கட்டத்தில் சரியானதை எழுதுங்கள்.

பிறகு கண்ணாலும் மூக்காலும் தரம் பிரிக்க வேண்டும். ஸ்பூல் டேப்பைச் சுருளோடு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் நாடாவின் அடிப்பொருள் பெரும்பாலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக், இருட்டாக இருந்தால் பாலியஸ்டர். அசிடேட் இழுத்தால் நீளாமல் பட்டென்று அறுபடும். அதில் புளித்த காடி வாசனை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது, அதை வரிசையில் முதலில் எடுங்கள். வாசனை வரும் சுருளை மற்றவற்றோடு மூடிய பெட்டியில் வைக்காதீர்கள், அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பஞ்சுபோலத் தெரிவது பூஞ்சை. நம் கடலோர ஈரப்பதத்தில் இது மிகுதி. அதைப் பாலித்தீன் பையில் போட்டு இறுக்கினால் உள்ளே இன்னும் வளரும். காகித உறையில், சிலிக்கா ஜெல்லோடு, தனி அறையில் காயவிட்டு, பூஞ்சை உலர்ந்து பொடியான பிறகு என்95 முகக்கவசத்தோடு திறந்த வெளியில் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பூஞ்சை நாடா ஓடிய இயந்திரத்தை முழுவதும் துடைக்காமல் அடுத்த நாடாவைப் போட்டால் நோயைப் பரப்புவது நீங்கள்தான்.

இன்னொரு வகைக் கேடு ஒட்டும் நாடா. 1970களிலும் 80களிலும் வந்த, பின்புறம் கறுப்புப் பூச்சுள்ள சில தொழில்முறை நாடாக்களில் (ஆம்பெக்ஸ் 406, 456 பேர்பெற்றவை) பதிவைத் தாங்கும் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பாலியூரிதேன் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துச் சிதைந்திருக்கும். ஓட்டினால் கீச்சென்று அலறும், ஹெட்டில் (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பகுதி) பழுப்புப் பிசின் படியும், கடைசியில் நாடாவே நின்றுவிடும். அலறல் கேட்ட நொடியே நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் உரிந்து வருவது பதிவேதான். 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 8 மணி நேரம் சீராகச் சூடாக்கி, தானாக ஆறவிட்டால், சில வாரங்களுக்கு ஒழுங்காக ஓடும். வெப்பம் துல்லியமாக நிற்கும் ஆய்வக இன்குபேட்டர் இதற்கு வேண்டும். வீட்டு அடுப்போ மைக்ரோவேவோ கூடவே கூடாது. அசிடேட் நாடாவைச் சூடாக்கினால் பாழாகிவிடும் என்பதால் அந்த வெளிச்சச் சோதனையைச் செய்யாமல் யாரும் இதைத் தொடக்கூடாது.

கேசட்டில் பொதுவான பழுதுகள் எளியவை. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத்திண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும், ஒலி மங்கி ஏறி இறங்கும். ஐந்து திருகு உள்ள ஒரு நல்ல காலிக் கூட்டுக்கு நாடாவை இடம் மாற்றிவிடலாம். நாடாவின் முகத்தில் விரல் படக்கூடாது, பழைய கூட்டை லேபிளோடு எறியாமல் வையுங்கள். அறுந்த நாடாவைச் செலோ டேப்பால் ஒட்டாதீர்கள், அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டிவிடும். கேசட்டுக்கென்றே வரும் 3.81 மில்லிமீட்டர் அகல ஒட்டு நாடா இருக்கிறது. சி-120 கேசட்டின் நாடா மொத்தம் 9 மைக்ரான் கனம்தான், சி-60இல் இருப்பதில் பாதி. அதை ஒருபோதும் வேகமாக முன்னும் பின்னும் சுற்றாதீர்கள்.

இனி இயந்திரம். பழைய இரண்டு கேசட் போடும் மியூசிக் சிஸ்டம் வேண்டாம். மூன்று ஹெட் உள்ள நல்ல டெக் (கேசட் ஓட்டும் இயந்திரம்) ஒன்று, டாஸ்கம் 122 எம்கே3 போன்றது, பழையதாக வாங்கி பெல்ட்டும் பிஞ்ச் ரோலரும் (நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை) மாற்றிக்கொள்ளுங்கள். நாள்தோறும் வேலை தொடங்கும் முன் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், மென்சோப்புத் தண்ணீர் போதும். ஹெட்டில் சேரும் காந்தத்தை நீக்கும் கருவியை அவ்வப்போது காட்டுங்கள். அதை இயக்கும்போதும் அணைக்கும்போதும் ஹெட்டிலிருந்து கையெட்டும் தூரம் விலகியிருக்க வேண்டும், நாடாக்கள் அருகில் இருக்கக்கூடாது.

இப்போது சொல்லப்போவதைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம், விளைவைக் காதால் உடனே அறியலாம். ஹெட்டின் இடைவெளிக்கோடு நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கும் கோணத்தை அஸிமத் என்பார்கள். பதிவு செய்த ரெக்கார்டரில் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், உங்கள் டெக்கில் வேறு சாய்வில் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் உச்ச ஒலிகள் (ஜால்ரா போன்ற உயர் அலைவெண் ஒலிகள்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஜால்ரா வெறும் "தப்" என்று விழும், பேச்சில் "ச"வும் "ஸ"வும் துணி மூடியதுபோல் வரும். பலர் இதைக் கேட்டு "நாடா பழசாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாடா நன்றாகத்தான் இருக்கும். டெக்கின் கதவு மூடியைக் கழற்றினால் ஹெட்டின் ஒரு பக்கத்தில் சிறு திருகு தெரியும். இடது வலது இரண்டையும் கலந்து மோனோவாகக் கேட்டபடி, காந்தம் ஏறாத சிறு திருப்புளியால் மெல்ல மெல்லத் திருப்புங்கள். பெரும்பாலும் கால் சுற்றுக்குள் ஒரு புள்ளியில் ஒலி பளிச்சென்று திறக்கும். அதுதான் இடம். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், சாய்வு தவறும்போது இரண்டு தடங்களுக்கிடையே நேரம் பிசகி, கூட்டும்போது உச்ச ஒலி ரத்தாவது அப்போது மிகத் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் செய்யுங்கள், பக்கம் திருப்பினாலும் மறுபடி செய்யுங்கள். எல்லாம் முடிந்த பின் தொழிற்சாலைச் சோதனை நாடாவை வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

அடுத்தது வேகம். கேசட்டின் சரியான வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 3150 ஹெர்ட்ஸ் ஒலியுள்ள சோதனை நாடாவை ஓட்டிப் பாருங்கள். கணினியில் 3245 என்று காட்டினால் டெக் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, மோட்டாரின் பின்புறத் துளையில் உள்ள திருகால் சரிசெய்யலாம். 6 சதவீதம் பிசகினால் சுருதி அரைக் கட்டை நகர்ந்துவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாக ஆவணம் பொய் சொல்லும். டெக் சரியாக இருந்தும் பதிவே பிசகியிருக்கலாம், பேட்டரி தீரத் தீர மெதுவாக ஓடிய கையடக்க ரெக்கார்டரில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போகும். கூத்தில் ஆர்மோனியம் இருந்தால் அதன் சுருதி நல்ல சாட்சி. மின்சாரத்தில் ஓடிய மைக்செட்டின் 50 ஹெர்ட்ஸ் முரலல் பதிவில் விழுந்திருந்தால் அதுவும் உதவும். ஆனால் நம் மின்தொகுப்பின் அலைவெண் அந்தக் காலத்தில் 50இலேயே நின்றதில்லை, அதனால் அதை மட்டும் நம்பவேண்டாம். இந்தத் திருத்தமெல்லாம் நகலில்தான். மூலக்கோப்பு டெக்கின் சரியான வேகத்திலேயே இருக்கட்டும்.

டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) பட்டனை அணைத்தே வையுங்கள். ஊர்ப் பதிவுகளில் டால்பி அரிது, இல்லாத பதிவுக்கு டால்பி போட்டால் உச்ச ஒலியை வெட்டிவிடும். உறையில் டால்பி பி என்று அடையாளம் இருந்தால் மட்டும், அஸிமத் சரிசெய்த பிறகு, போட்டு எடுங்கள். சந்தேகம் என்றால் அணைத்தே எடுத்துக் குறித்து வையுங்கள். பதியும்போது உயர்த்திய உச்ச ஒலியை ஓட்டும்போது சரிக்கட்டுவது ஈடுசெய்தல். சாதா கேசட்டுக்கு அது 120 மைக்ரோநொடி, குரோம் கேசட்டுக்கு 70. நல்ல டெக்குகள் கூட்டின் மேலுள்ள பள்ளத்தைப் பார்த்துத் தாமே மாறிக்கொள்ளும். கூடு மாற்றியிருந்தால் அந்தப் பள்ளம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஸ்பூல் டேப்பில் மூன்று கேள்விகள்: வேகம் எது, தடம் (நாடாவின் அகலத்தில் பக்கம் பக்கமாக ஓடும் பதிவுக்கோடு) எத்தனை, ஈடுசெய்தல் எது. நொடிக்கு 19, 9.5, 4.75 சென்டிமீட்டர் வேகங்கள்தான் வீட்டு ரெக்கார்டர்களில் இருந்தன. 7 அங்குலச் சுருளில் 1200 அடி நாடா 19 சென்டிமீட்டர் வேகத்தில் 32 நிமிடம் ஓடும். ஒரே சுருளில் நடுவே வேகத்தை மாற்றிப் பதிந்திருப்பதும் உண்டு, நாடாவை மிச்சம் பிடிக்கக் குறைத்திருப்பார்கள். பேச்சோடு கூடவே ஒரு பேச்சு தலைகீழாகக் கேட்டால் கால் தடப் பதிவை அரைத் தட ஹெட்டில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள், ஹெட்டை மாற்ற வேண்டும், கணினியால் இதைப் பிரிக்க முடியாது. ரெவாக்ஸ் பி77 இரண்டு வகை ஹெட்டிலும் வந்தது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய முறை, அமெரிக்க என்ஏபி முறை என்று ஈடுசெய்தல் இரண்டு. 19 சென்டிமீட்டரில் உச்ச ஒலிக்கு முன்னது 70 மைக்ரோநொடி, பின்னது 50. தவறினால் பதிவு மங்கலாகவோ கூர்மையாகவோ வரும், ஆனால் கோப்பில் எந்த முறையில் எடுத்தீர்கள் என்று எழுதியிருந்தால் பிறகு திருத்திவிடலாம். பல ஆண்டு அசையாமல் கிடந்த சுருளில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் பதிந்து, பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் மெல்லக் கேட்கும். ஓட்டும் முன் மெதுவான வேகத்தில் ஒரு முறை முன்னும் பின்னும் சுற்றினால் இது குறையும்.

இசைத்தட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கால் ஆனது, ஆல்கஹால் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு மென்சோப்பு விட்டு, லேபிள் நனையாமல் கழுவி நிறுத்திக் காயவையுங்கள். பிற்காலத்து எல்பி தட்டுக்கான ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைத்தான் சுரண்டும், ஏறத்தாழ 75 மைக்ரான் முனை வேண்டும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜால் (ஊசியைத் தாங்கி ஒலியை எடுக்கும் பகுதி) எடுங்கள், பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்து மற்றது நன்றாக இருக்கலாம். எல்பிக்கான ஆர்ஐஏஏ ஈடுசெய்தல் 1954ஐ ஒட்டி வந்தது, அதற்கு முந்தைய தட்டுக்கு அது பொருந்தாது. ஈடுசெய்யாத ஒலியையே மூலமாக வையுங்கள். வேகம் பார்க்க 50 ஹெர்ட்ஸுக்கான, 77 கோடுள்ள ஸ்ட்ரோப் தாளையே (மின்விளக்கொளியில் அதன் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி) பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைப்பதில் பாதி அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கானவை.

கணினிப் பக்கம் எளிது, ஆனால் மறைவான பொறிகள் உண்டு. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு. மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் மோனோ, தானாக ஒலியை ஏற்றி இறக்கும், அதைத் தொடாதீர்கள். ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தின் டிசி-04 வழிகாட்டி கேட்பது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. 96 கிலோஹெர்ட்ஸ் நல்லது. மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். பறையும் அதிர்வேட்டும் உள்ள பதிவில் இன்னும் கீழே, உச்சி வெட்டுப்பட்டால் திரும்பாது. விண்டோஸில் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்தினால், அதன் அமைப்பில் எம்எம்இ என்ற ஒலி வழி 24 பிட்டைத் தராது, வாசாபி வழியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் ஒலி அமைப்பிலும் அதே 96 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டும், "ஒலி மேம்பாடு" எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஏற்றுமதியில் டித்தர் (மென்பொருள் தானாகச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) "இல்லை" என்று இருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் முரலல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுழல்தான் (கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால் வருவது), எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். எர்த் கம்பியை வெட்டிவிடாதீர்கள், உயிர் ஆபத்து. பக்கத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் எடுங்கள், இடைவெளி, இருமல், "டேய், ஆன் பண்ணிட்டியா" எல்லாம் இருக்கட்டும். இரைச்சல் நீக்கம் மூலக்கோப்பில் கிடையாது.

கணக்கு இப்படி: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு நிமிடம் சுமார் 34.6 மெகாபைட், 90 நிமிடக் கேசட் 3.1 ஜிகாபைட், 300 கேசட் ஒரு டெராபைட்டுக்குச் சற்றுக் கீழே. சாதா வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது, அதாவது ஏறத்தாழ 2 மணி 4 நிமிடம். பக்கத்துக்கு ஒரு கோப்பு என்றால் இந்தத் தொல்லை வராது. பெரிய வட்டு (ஹார்ட் டிஸ்க்) வாங்க வழியே இல்லையென்றால் ஃப்ளாக் கோப்பாக வைப்பதில் தவறில்லை. ஒரு துளி ஒலியும் இழக்காமல் ஏறத்தாழ பாதி இடமே பிடிக்கும், கோப்பு கெட்டதா என்று சோதிக்கும் குறியையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும். நேரம்தான் பெரிய செலவு. ஒரு மணி நேர ஒலிக்கு மூன்று மணி நேர வேலை என்று வையுங்கள். 300 கேசட், 450 மணி நேரம், 1350 மணி நேர உழைப்பு. நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 225 நாள். இதை முன்பே நிர்வாகக் குழுவிடம் சொல்லாத பணிகள்தான் 60ஆவது கேசட்டோடு நின்றுபோகின்றன.

விவரப் பட்டியலுக்கும் கோப்புப் பெயருக்கும் ஒரு சொல். கோப்புப் பெயரில் ரோமன் எழுத்தும் எண்ணும் மட்டும், இடைவெளி வேண்டாம். வேவ் கோப்பின் தலைப்பில் உள்ள ஒளிபரப்பு விவரப் பகுதி தமிழ் எழுத்தை ஏற்காது, அதில் வரிசை எண்ணை மட்டும் போட்டு, மற்றதெல்லாம் யூடிஎஃப்-8 சிஎஸ்வி பட்டியலில். எக்செல் அந்தக் கோப்பை நேரடியாகத் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். அப்படியே சேமித்துவிடாமல், இறக்குமதி வழியாகத் திறங்கள். பழைய பட்டியல் பாமினியிலோ டாப் எழுத்துருவிலோ இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒரு ஆள் வரிவரியாகப் பார்க்க வேண்டும். பாடியவர், வாத்தியக்காரர்கள், கதை, பாவலர், ஊர், தெரு, நிகழ்ச்சி, பதிவு செய்தவர், எடுத்த டெக், அஸிமத் மாற்றியதா, டால்பி, யார் எடுத்தது, எந்த நாள்: இத்தனையும் தனித்தனிக் கட்டம். கூத்துக்கு நிமிடக் குறிப்பு கட்டாயம். விடிய விடிய நடந்த கூத்து ஆறு கேசட்டில் இருக்கும், கட்டியக்காரன் வரும் இடத்தைத் தேடுபவர் அதையெல்லாம் கேட்கமாட்டார்.

எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பு மாறினால் இதுவும் மாறும்) எடுத்துப் பட்டியலில் எழுதி, மூன்று நகல் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்தால் ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறை எண்களைச் சரிபாருங்கள், ஐந்தாறு ஆண்டில் வட்டை மாற்றுங்கள். சிடியில் எழுதி அலமாரியில் வைப்பது காப்பதாகாது.

கேட்பவருக்கு 128 கிலோபிட் எம்பி3 போதும், 90 நிமிடம் 86 மெகாபைட். பாட்டுப் பாட்டாக வெட்டுவது, இரைச்சல் குறைப்பது எல்லாம் இந்த நகலில் செய்யுங்கள். சட்டம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2012 திருத்தத்தோடு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள படைப்பைக் காப்பதற்காக மின்வடிவில் சேமிக்க இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவது வேறு. வெளியான ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு, நிகழ்த்தியவரின் உரிமை 50 ஆண்டு. சட்டம் தாண்டியும் ஒன்று உண்டு: சாவு வீட்டில் பதிவான ஒப்பாரியில் இறந்தவரின் பெயரும் குடும்பத்தின் வழக்கும் இருக்கும். அந்தக் குடும்பத்தைத் தேடிக் கேட்காமல் ஏற்றாதீர்கள், நூலகத்துக்குள் கேட்க வைத்தால் போதும்.

வேலை முடிந்த நாடாக்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைசி வரை ஓட்டிய நிலையிலேயே, திருப்பிச் சுற்றாமல், செங்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் போட்ட இரும்பு பீரோவில், ஸ்பீக்கருக்கும் மோட்டாருக்கும் தள்ளி வையுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஜெல்லை மாற்றுங்கள். இசைத்தட்டுப் பகுதிக்கு உதவி வேண்டுமானால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமும், களப்பதிவுகளுக்குக் 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவண மையத்திடமும் கேளுங்கள். போகும்போது கையில் அந்த வரிசை எண் பட்டியலும் லேபிள் படங்களும் இருக்கட்டும்.